உதவி: நிலா கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்துக்குப் பின்னால வரவே மாட்டேங்குது

செந்தூல்_கவி
அவசரம். தைப்பூசத்தன்னிக்கும் மறுநாளும் சாயங்காலம் கோபுரத்தைப் பார்த்து ட்ரைபாட் போட்டு நின்னாச்சு. ரெண்டு கோபுரத்துக்கும் நடுவுல நிலா ஏறணும், அதான் வேணும். பூசத்தன்னிக்கு உதயம் 7 மணி வாக்கிலன்னு ஆப் சொல்லுது. 8 தாண்டியும் கோபுரம் பக்கம் நிலாவே இல்ல. ஆப் தப்பா, நான் தப்பா? அடுத்த பௌர்ணமிக்குள்ள தெரியணும்.

பத்துமலை_லென்ஸ்
எங்க நின்னீங்க? எந்தத் திசை பார்த்து? எத்தனை எம்எம் லென்ஸ்? இது மூணும் இல்லாம என்னத்தச் சொல்றது.

கிள்ளான்காரன்
போன் கவர்ல காந்தம் இருக்கா பாருங்க. காந்தக் கவர், கார் பானெட், பாலத்து இரும்பு, எது பக்கத்துல இருந்தாலும் காம்பஸ் கோணலாக் காட்டும். கவரைக் கழட்டி, போனை எட்டு போடுற மாதிரி சுத்திட்டுப் பாருங்க. உண்மை வடக்கா காந்த வடக்கான்னும் செட்டிங்ல பாருங்க.

மூவார்_முனி
கவர் சொன்னது சரி. ஆனா கோலாலம்பூர்ல காந்த வடக்கும் உண்மை வடக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதை விடுங்க. என் சந்தேகம் மலை மேல. ஆப் சொல்ற உதயம் தடையில்லாத அடிவானத்துக்கு. நமக்குக் கிழக்கே மலைத்தொடர். நிலா ஒரு டிகிரி ஏற 4 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். மலை 3 டிகிரி மறைச்சா 12 நிமிஷம் போச்சு. அதுக்கு மேல புகைமூட்டம் இருந்தா இன்னும் போச்சு.

விண்மீன்வாத்தியார்
மாசத்துக்கு ரெண்டு பேர் இதையே கேட்கிறாங்க, பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற வழக்கம் இங்க யாருக்கும் இல்ல. நிலா நேரா மேல ஏறாது, சாய்வா நகர்ந்து போகும். எல்லாப் பாடப்புத்தகத்துலயும் படம் இருக்கு. பொறுமையா நின்னா கோபுரத்துக்கு அது தானா வரும்.

பத்துமலை_லென்ஸ்
வாத்தியாரய்யா, அந்தப் படம் லண்டன் வானத்துக்கு. நாம 3 டிகிரி வடக்குல இருக்கோம். இங்க நிலா ஏறக்குறைய செங்குத்தா ஏறும். உதிக்கும்போது எந்தத் திசையோ, முதல் அரை மணி நேரம் அதே திசைதான். பக்கவாட்டுல நகர்ந்து வரும்னு நின்னா கொசுக்கடிதான் மிச்சம்.

திருக்கணிதன்
முதல்ல அது பௌர்ணமியே இல்ல. தைப்பூசம் பூச நட்சத்திரத்தை வச்சு. 2026 பிப்ரவரி 1 பூசம். நிலா முழுமையானது 2ஆம் தேதி காலை 6.09, மலேசிய நேரம். அதனாலதான் 1ஆம் தேதி சூரியன் மறையறதுக்கு முன்னாடியே உதிச்சிருச்சு. தமிழ்நாட்டுல அச்சடிச்ச காலண்டரைப் பார்த்திருந்தா 3.39னு இருக்கும், 2.30 மணி நேரம் கூட்டிக்கணும். அதுவும் இப்போதைய வானியல் கணக்குல போட்ட திருக்கணிதப் பஞ்சாங்கமா இருந்தா. பழைய சூத்திரத்துல போட்ட வாக்கியப் பஞ்சாங்கமா இருந்தா ஆண்டவன் விட்ட வழி.

பினாங்கு_சொக்கன்
வாக்கியத்தை ஏன் இழுக்குறீங்க? 248 வாக்கியத்துல நிலாவோட ஓட்டத்தை அடக்கினவங்க முட்டாளா? நிலா பூமியை நெருங்கி விலகி மறுபடி நெருங்க சுமார் 27.55 நாள். 9 தடவை பெருக்குங்க, 248 வருதா இல்லையா?

திருக்கணிதன்
வருது, 247.99. அவங்க கெட்டிக்காரங்கதான், யார் இல்லேன்னா? ஆனா சூரியனோட இழுப்பால நிலா முன்னப்பின்ன போறதுக்கு உண்டான திருத்தம் அதுல முழுசா இல்ல. திதி முடிவு மணிக்கணக்குல தள்ளிப் போகும். விரதத்துக்கு வச்சுக்கலாம், கேமராவுக்கு ஆகாது.

பினாங்கு_சொக்கன்
கோயில்ல வாக்கியம்தான் பார்ப்பாங்க.

மூவார்_முனி
கவி கோயில்ல நிலாவைத் தேடல, கோபுரத்துல தேடுறாங்க. பஞ்சாங்கச் சண்டைக்கு வேற இழை போடுங்கண்ணே.

செந்தூல்_கவி
சாரி, இடம் சொல்ல மறந்துட்டேன். தித்திவங்சா ஏரிக்கரை. 400 எம்எம்.

பத்துமலை_லென்ஸ்
அப்படிச் சொல்லுங்க! ஆப் தப்பில்ல, இடம் தப்பு. வடக்கை 0ன்னு வச்சு வலப்பக்கமா எண்ணுங்க: கிழக்கு 90, தெற்கு 180. ஏரிக்கரையிலிருந்து கோபுரம் சுமார் 165ல, ஏறக்குறைய தெற்கே. பூசத்தன்னிக்கு நிலா உதிச்சது 69ல. கோபுரத்தைப் பார்த்து நின்னவங்களுக்கு இடது தோளுக்கும் பின்னால. தை மாசம் சூரியன் தெற்கே, அதுக்கு எதிர்ல முழுநிலா வடக்கே.

ஆனி மாசம் போனாலும் அங்கேருந்து கிடைக்காது. நிலா உதயம் வடக்கே 61, தெற்கே 119, இதைத் தாண்டாது. அதுவும் 18.6 வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவ்வளவு தூரம் போகும், 2024, 2025 அப்படிப்பட்ட வருஷங்கள். 165க்கு நிலா வர்ற நேரத்துல அது ரொம்ப உயரத்துல இருக்கும், கோபுர உச்சியோ ஏரியிலிருந்து 11 டிகிரிதான்.

கோபுரத்துக்கு மேற்கே போகணும். உயரம் 452 மீட்டர். 6 கி.மீ. தள்ளி நின்னா உச்சி சுமார் 4.3 டிகிரி (மேட்டுல நின்னா கொஞ்சம் குறையும்), உதயத்துக்கு அப்புறம் 18 நிமிஷத்துல நிலா அங்க. அந்தத் தூரத்துல நிலா ஏறக்குறைய 54 மீட்டர் அகலத்தை மறைக்கும், ரெண்டு கோபுரத்தையும் இணைக்கிற வான்பாலம் 58 மீட்டர். அதான் அளவு. 2 கி.மீ.ல நின்னா நிலா 18 மீட்டர்தான், பொட்டு மாதிரி இருக்கும்.

திருக்கணிதன்
அடுத்த பௌர்ணமி மார்ச் 3, அன்னிக்கு முழு சந்திர கிரகணம். முழு மறைப்பு மாலை 7.04லிருந்து 8.03 வரை. இங்க நிலா உதிக்கிறதே அதுக்குள்ளதான். கோபுர உச்சியைத் தாண்டும்போதும் மங்கின செம்பு நிறம்தான், புகைமூட்டத்துல கண்ணுக்கே தெரியாமப் போகலாம்.

பத்துமலை_லென்ஸ்
நல்ல வேளை சொன்னீங்க. அப்ப கவி, 4ஆம் தேதி போங்க. 3ஆம் தேதி உதயம் சுமார் 84ல, அதுக்கு டாமன்சாரா ஹைட்ஸ் மேடு. மறுநாள் 50 நிமிஷம் தள்ளி, சுமார் 90ல. 6 டிகிரி நகர்ந்தா நீங்க 600, 650 மீட்டர் வடக்கே நகரணும். நேத்து நின்ன இடத்துல இன்னிக்கு நிக்கிறவங்களுக்கு நிலா கிடைக்காது. வானம் இருட்டா இருக்கும், கோபுர விளக்கு எரியும், அதனால ரெண்டு வெளிச்சத்துக்கும் தனித்தனியா எடுத்து ஒட்டணும். நிலாவுக்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/60லருந்து ஆரம்பிங்க. அரை செகண்டுக்கு மேல வேண்டாம், 2 நிமிஷத்துல நிலா தன் அகலம் அளவுக்கு நகர்ந்துரும். மேற்கேருந்து பார்த்தா ரெண்டு கோபுரமும் எவ்வளவு ஒட்டித் தெரியுதுன்னு பகல்லயே போய்ப் பார்த்து வைங்க.

விண்மீன்வாத்தியார்
பழைய இழையில் இதெல்லாம் இருக்கிறது.

கிள்ளான்காரன்
லிங்க் போடுங்க ஐயா.

செந்தூல்_கவி
பகல்ல போய்ப் பார்த்தேன். கவர் கழட்டினப்புறம் மேட்டுலருந்து கோபுரம் 84ல வருது. 90க்கு போற இடத்துல ஒரு காண்டோ (அடுக்குமாடி) மறைக்குது.

பத்துமலை_லென்ஸ்
காண்டோ எத்தனை மாடி, எவ்வளவு தூரம்?