கட்டுப்பாட்டுப் பொறியியலில் சிறந்த ஆய்வுக் கட்டுரைக்கான பரிசு: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வு அமைப்பு, கட்டுப்பாட்டுப் பொறியியலில் ஆண்டுதோறும் ஒரு கட்டுரைக்குப் பரிசு வழங்க முடிவு செய்து, விதிமுறைகளை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. ஓர் அமைப்பு கட்டுக்கடங்காமல் போகாது என்று உறுதிசெய்யும் புதிய நிலைப்புத்தன்மைத் தேற்றம் ஒன்றை நிறுவும் கட்டுரையையும், அறிந்த முறையொன்றை ஓடிக்கொண்டிருக்கும் ஆலையில் பொருத்திக் காட்டும் கட்டுரையையும் எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1:
உங்கள் தயக்கம் நியாயமானது. மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ.-யின் கட்டுப்பாட்டு அமைப்புகள் சங்கம் வழங்கும் ஆக்ஸல்பி பரிசு, அச்சங்கத்தின் தானியங்கிக் கட்டுப்பாட்டு ஆய்விதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளுக்கு வழங்கப்படுகிறது. அவ்வளவு குறுகிய காலத்தில் சேரும் மேற்கோள்கள், அந்தத் துணைத்துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதைக் காட்டுமே தவிர, கட்டுரையின் ஆழத்தைக் காட்டா. காலம் கடந்து தெரியும் தாக்கத்துக்குத் தனிப் பரிசு வைப்பதே முறை. கட்டுப்பாடுகளுடன் கூடிய மாதிரிசார் முன்கணிப்புக் கட்டுப்பாடு (அமைப்பின் மாதிரியைக் கொண்டு வரப்போவதைக் கணித்து உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை) பற்றி மேயினும் மற்ற மூவரும் 2000-இல் ஆட்டோமேட்டிகா இதழில் எழுதிய கட்டுரைக்கு, பன்னாட்டுத் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பான ஐஃபாக் தன் உயர் தாக்கப் பரிசை 2011-இல்தான் வழங்கியது.

கட்டுரையின் நீளத்தையோ வெளியான இதழையோ வைத்தும் வடிகட்டிவிடாதீர்கள். இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து அமைப்பின் நிலையை மதிப்பிடும் தம் வடிப்பானைக் கால்மன் 1960-இல் அறிமுகப்படுத்திய கட்டுரை, இயந்திரப் பொறியாளர்களின் இதழ் ஒன்றில்தான் வந்தது. 1978-இல் டாயில் எழுதிய மிகச் சிறிய கட்டுரை, எல்.க்யூ.ஜி. கட்டுப்படுத்திகளுக்கு (மதிப்பிட்ட நிலையை வைத்து உகந்த உள்ளீட்டைக் கணக்கிடுபவை) உறுதியளிக்கப்பட்ட நிலைப்பு விளிம்பு, அதாவது மாதிரியில் பிழை இருந்தாலும் நிலைப்புக் குலையாமல் தாங்கும் இடைவெளி, எதுவும் இல்லை என்பதை ஒரேயோர் எதிர்எடுத்துக்காட்டால் நிறுவியது. அமைப்பின் அப்போதைய நிலையை விவரிக்கும் நிலை மாறிகள் அனைத்தையும் நேரடியாக அளக்க முடிந்தால் கிடைக்கும் விளிம்புகள், அளக்க முடியாதவற்றைக் கணிக்கும் மதிப்பீட்டுக் கருவியைச் சேர்த்த பிறகும் நிலைக்கும் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. மாதிரியில் பிழை இருந்தாலும் தாங்கும் கட்டுப்படுத்திகளை வடிவமைக்கும் உறுதிமிகு கட்டுப்பாடு என்ற துறை வளர்ந்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இப்படியொரு கட்டுரை வந்தால் உங்கள் குழுவால் அதை அடையாளம் காண முடியுமா என்பதே விதிமுறைக்கு நீங்கள் வைக்க வேண்டிய தேர்வு.

மறுமொழி 2:
மேலே உள்ளதோடு உடன்படுகிறேன். ஆனால் பயன்பாட்டுக் கட்டுரைகளைத் தேற்றக் கட்டுரைகளோடு ஒரே தட்டில் நிறுக்க வேண்டாம், இரண்டு பிரிவுகளாக்கி விடுங்கள். இரண்டுக்குமான கேள்விகளே வேறு. தேற்றக் கட்டுரையில் நான் முதலில் பார்ப்பது எடுகோள்களை: நிலை மாறிகள் அனைத்தும் அளக்கத்தக்கவை, இடையூறின் எல்லை முன்கூட்டியே தெரியும் என்றெல்லாம் வைத்துக்கொண்ட பிறகு, நிரூபிக்க மீதம் என்ன இருக்கிறது?

பயன்பாட்டுக் கட்டுரையில் வெளியீட்டு வரைபடம் விரும்பிய மதிப்பைக் காட்டும் குறிப்புக் கோட்டை அழகாகப் பின்தொடர்வதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. அதன் அருகே கட்டுப்பாட்டு உள்ளீட்டின் (கட்டுப்படுத்தி இடும் கட்டளையின்) வரைபடம் இருக்கிறதா என்று தேடுங்கள். வால்வு முழுவதும் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டதா, உணரியின் இரைச்சலால் மோட்டாருக்குச் செல்லும் கட்டளை ஓயாமல் துடிக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அந்த வரைபடமே இல்லாத கட்டுரைக்கு நான் ஒருபோதும் வாக்களிக்க மாட்டேன். ஒப்பீட்டுக்கு எடுத்த பழைய பி.ஐ.டி. கட்டுப்படுத்தி (பிழையின் அளவு, அதன் திரட்சி, மாறும் வேகம் மூன்றையும் வைத்து இயங்குவது) ஒழுங்காகச் சீரமைக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். புதிய முறையின் வெற்றி பல நேரங்களில் அந்த அலட்சியத்திலிருந்துதான் வருகிறது.

மறுமொழி 3:
குழு உறுப்பினர் ஒருவர் தம் மாணவரின் அல்லது அண்மைக்கால இணை ஆசிரியரின் கட்டுரை விவாதிக்கப்படும்போது விலகியிருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வையுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்து வாக்களிப்பதைத் தடுக்க, இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும் குறைந்தது மூவர் முழுமையாகப் படித்து, அதன் முதன்மை முடிவைத் தம் சொற்களில் எழுதித் தர வேண்டும் என்றும் கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரு பிரிவுகளாகப் பிரிப்பது, மேற்கோள் எண்ணிக்கையைத் தவிர்ப்பது, மூவர் படித்து எழுதித் தருவது ஆகியவற்றை வரைவில் சேர்க்கிறேன். தகுதியான கட்டுரை இல்லாத ஆண்டில் பரிசை நிறுத்திவைக்கலாமா?

மறுமொழி 1:
தயங்காமல் நிறுத்திவையுங்கள், ஆனால் அந்த உரிமை குழுவுக்கு உண்டு என்பதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.