எதிர் வீட்டு ஃப்ளட் லைட் நேரா பெட்ரூமுக்குள்ள அடிக்குது, சண்டை வராம எப்படி சொல்றது?

கம்மனஹள்ளிக்காரன்:
வணக்கம் எல்லாருக்கும். பெங்களூர் கம்மனஹள்ளில 30 அடி ரோட்ல குடியிருக்கோம், ரெண்டாவது மாடி. போன மாசம் தெருவுல நின்ன ரெண்டு பைக்ல பெட்ரோல் திருடிட்டாங்க, அதுலேர்ந்து எதிர் வீட்டு அங்கிள் அவர் முதல் மாடி சன்ஷேடுல 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட் ஒண்ணு மாட்டி சாயங்காலம் ஆறரைக்கு போட்டா காலைல ஆறரைக்குத்தான் அணைக்கிறார். அவர் பயம் நியாயம்தான், அதுல குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா லைட் அவர் கேட்டைப் பார்க்கல, எங்க ஜன்னலைப் பார்க்குது. கர்ட்டன் இழுத்து விட்டாலும் ஓரத்துல நுழைஞ்சு சீலிங்ல விழுது, ஃபேன் ரெக்கையோட நிழல் ராத்திரி பூரா மேல சுத்திக்கிட்டே இருக்கு. அம்மாவுக்கு 68 வயசு, மூணு மணிக்கு எந்திரிச்சு உக்காந்து "விடிஞ்சிருச்சாப்பா"ன்னு கேக்குறாங்க, தினமும்.

இன்னொண்ணும் மனசுல உறுத்துது. பொங்கலுக்கு செங்கம் பக்கம் ஊருக்குப் போனப்போ பாப்பாவுக்கு வானத்துல கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன், விரல் விட்டு ஆறு மீனையும் எண்ணிட்டா. இங்க வந்து மொட்டை மாடில அதே ஆறு எங்கப்பான்னு கேட்டா, எனக்கே கண்டுபிடிக்க முடியல.

அங்கிள் கன்னடக்காரர், நல்ல மனுஷன், பத்து வருஷப் பழக்கம். அதைக் கெடுத்துக்க விரும்பல. என்ன மாத்தச் சொல்லணும்னு தெரிஞ்சுக்கிட்டு போனா நல்லதுன்னு கேக்குறேன்.

ஸ்ரீராமபுரம் வயர்மேன்:
தம்பி, 22 வருஷமா இதே வேலைதான் பண்றேன், சொல்றேன் கேளுங்க. முதல்ல ஒரு பைசா செலவில்லாத வேலை. ஃப்ளட் லைட்டைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப்ல ரெண்டு பக்கமும் போல்ட் இருக்கும், லூஸ் பண்ணி முன்னாடி கண்ணாடி தரையைப் பார்த்த மாதிரி கவுத்து விடணும். உங்க ஜன்னல்ல நின்னு பார்த்தா வெளிச்சம் விழுந்த தரை தெரியலாம், உள்ள இருக்கிற மஞ்சப் பொட்டு, அதான் எல்இடி சிப்பு, கண்ணுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா இன்னும் சாய்க்கணும். இல்லன்னா மேலயும் பக்கத்துலயும் தகரத்துல ஒரு மறைப்பு அடிச்சுக் குடுத்துடலாம்.

அப்புறம் 50 வாட் எதுக்கு? ஒரு கேட்டும் ரெண்டு வண்டியும்தானே. லைட்டை சன்ஷேடுலேர்ந்து எடுத்து கேட் தூண் பக்கம் இறக்குங்க, தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு விழும், 10 வாட்டே தாராளம். ராத்திரி பூரா 12 மணி நேரம் எரிஞ்சா 50 வாட்டுக்கு மாசம் 18 யூனிட், 10 வாட்டுக்கு நாலு யூனிட் கூட ஆகாது, இதை அங்கிள்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. வாங்கும்போது டப்பாவைப் பாருங்க, கூல் டேலைட் 6500 கே வேண்டாம், அது நீலம் கலந்த வெள்ளை; வாம் வொயிட் 3000 இல்ல 2700 கே வாங்குங்க, அது மஞ்ச வெளிச்சம், கே நம்பர் குறையக் குறைய மஞ்சள் கூடும். மோஷன் சென்சர் வச்சா இன்னும் நல்லது, ஆளு வந்தா மட்டும் எரியும். அதுல டைம், லக்ஸ்னு திருகி இருக்கும், லக்ஸ்னா எவ்ளோ இருட்டானா எரியணும்னு வைக்கிறது, டைமை ரெண்டு மூணு நிமிஷத்துல வைங்க. சென்சர் மூஞ்சி மட்டும் ரோட்டைப் பார்க்கக்கூடாது, போற நாய்க்கும் ஆட்டோவுக்கும் எரிஞ்சு எரிஞ்சு அணைஞ்சா அது இதைவிட பெரிய இம்சை.

கேமராவுக்கு வெளிச்சம் வேணும்னு சொல்வார். முக்கால்வாசி கேமராவுல இன்ஃப்ராரெட், அதான் நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், இருக்கு, இருட்டுலயே கறுப்பு வெள்ளைல எடுக்கும். ஃப்ளட் லைட் லென்ஸ்ல நேரா அடிச்சா படம்தான் வெளிறிப் போகும்.

நைட் ஷிஃப்ட் அக்கா:
ஒரு விஷயம் சொல்லிக்கிறேன், லைட்டை அணைங்கன்னு மட்டும் யாரும் கிளம்பாதீங்க. எனக்கு ராத்திரி ஒண்ணரைக்கு கேப் தெருமுனைல இறக்கி விடும், அங்கேர்ந்து வீடு வரைக்கும் நடக்கணும், இருட்டா இருந்தா உயிர் கைல இருக்காது.

ஆனா வயர்மேன் அண்ணா சொல்றது முழுக்க சரி. எங்க தெருவுலயும் ஒரு வீட்டுல இந்த மாதிரி லைட், நேரா முகத்துல அடிக்கும். ஒரு நாள் நடந்து வரும்போது கண்ணு கூசி, கையை நெத்தில வச்சு மறைச்சேன், அப்பத்தான் தெரிஞ்சது, அந்த கேட் தூணுக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னுட்டு இருக்கார். போன் பேசிட்டு இருந்த வாட்ச்மேன்தான், ஆனா பத்தடி தூரத்துல நின்ன ஆளு கை வச்சு மறைக்கிற வரைக்கும் என் கண்ணுக்குப் படவே இல்ல. அவ்ளோ வெளிச்சம் இருந்தும்! அன்னிலேர்ந்து எனக்கு அந்த வீட்டைத் தாண்டும்போதுதான் பயமே. கம்மியா இருந்தாலும் தெரு முழுக்க ஒரே சீரா தரைல விழணும், அதுதான் எங்களுக்கு வேணும்.

காவலூர் ரசிகன்:
கார்த்திகை மீன் விஷயம் படிச்சதும் எழுதாம இருக்க முடியல. எல்இடி வெள்ளை வெளிச்சத்துல நீலம் ஜாஸ்தி, நீலம்தான் காத்துல அதிகமா சிதறும், பகல்ல வானம் நீலமா தெரியுதே அதே காரணம். அதனால மேல போற ஒவ்வொரு துளி கூல் டேலைட்டும் வானத்துல பால் மாதிரி பரவுது. அம்மாவோட தூக்கத்துக்கும் இதுல சம்பந்தம் இருக்கு, ராத்திரி சுரக்கிற மெலடோனின்ங்கிற தூக்க ஹார்மோனை நீல வெளிச்சம் அடக்கிடும், உடம்பு இன்னும் பொழுதுதான்னு நினைச்சுக்கும்.

2023-ல வந்த ஒரு ஆய்வுல, பல நாட்டு மக்கள் வெறும் கண்ணால பார்த்து அனுப்பின கணக்கை வச்சு, 2011-லேர்ந்து 2022 வரைக்கும் ராத்திரி வானம் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 10 சதவீதம் வெளுத்துக்கிட்டே வந்திருக்குன்னு சொன்னாங்க. குழந்தை பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரியிற இடத்துல, அதுக்கு 18 வயசாகும்போது 100 தான் தெரியுமாம். உங்க பாப்பாவை நினைச்சுப் பாருங்க.

நம்ம ஊருக்கும் இதுக்கும் நெருங்கின உறவு. கோரமங்கலால இருக்கிற இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் ஜவ்வாது மலை காவலூர்ல 1986-லேர்ந்து 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வச்ச தொலைநோக்கியை நடத்துது. லடாக் ஹான்லேல இருக்கிற 2 மீட்டர் தொலைநோக்கியை இங்க ஹொசகோட்டேல உக்காந்து சாட்டிலைட் வழியா இயக்குறாங்க. அந்த ஹான்லேயைச் சுத்தி 2022-ல இருள் வானக் காப்பகம்னு அறிவிச்சு, ஊர்க்காரங்களுக்கே தொலைநோக்கி குடுத்து, வர்றவங்களுக்கு அவங்கதான் வானம் காட்டுறாங்க. அங்க ஊரையே இருட்டாக்கிடல, விளக்குக்கு மறைப்பு, மஞ்ச வெளிச்சம், அவ்ளோதான் பெரும்பாலும்.

ஹொரமாவு அபார்ட்மென்ட்:
எங்க அசோசியேஷன்ல நடைபாதைக்கு உருண்டை குளோப் லைட் இருந்துச்சு, அதுல பாதி வெளிச்சம் ஆகாசத்துக்குத்தான் போகும். மேல தொப்பி போட்ட முழங்கால் உயர லைட்டா மாத்திட்டோம். மரத்துல சுத்தின சீரியல் லைட்டும் ராத்திரி பத்தரைக்கு ஆஃப். அதுக்கப்புறம் ரெண்டு மணிக்கெல்லாம் கூவிட்டு இருந்த குயில் இப்ப விடியக்காலைலதான் கூவுது. கேட்டீங்கன்னா, ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டு காட்டுங்க, வாயால சொன்னா யாருக்கும் புரியாது.

கம்மனஹள்ளிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. காட்டுங்கன்னு சொன்னதைத்தான் செஞ்சேன். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு அங்கிளை காபிக்கு கூப்பிட்டு, பெட்ரூம்ல உக்கார வச்சு ரூம் லைட்டை அணைச்சேன். ஒண்ணும் பேசல, சீலிங்கையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இஷ்டொந்து பெளகா?"ன்னார், இவ்ளோ வெளிச்சமான்னு. அம்மா அவங்களுக்குத் தெரிஞ்ச கன்னடத்துல "ஸ்வல்ப கெளகே மாடி"ன்னு, கொஞ்சம் கீழ இறக்குங்கன்னு கேட்டாங்க. நேரா போய் ஸ்பேனரை எடுத்துட்டு வந்துட்டார், நான் ஜன்னல்லேர்ந்து சொல்லச் சொல்ல சிப்பு மறையிற வரைக்கும் சாய்ச்சார். பைக் ரெண்டும் முன்னைவிட பளிச்சுன்னு தெரியுதுன்னு அவருக்கே சந்தோஷம்.

நேத்து அம்மா பால் பையன் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் எந்திரிச்சாங்க.

50 வாட் கூல் டேலைட் இன்னும் அப்படியேதான் இருக்கு, மேல வானமும் அப்படியேதான். வர்ற ஞாயித்துக்கிழமை அங்கிளும் நானும் லைட் வாங்க எலக்ட்ரிக் கடைங்க இருக்கிற எஸ்.பி. ரோடு போறோம். வயர்மேன் அண்ணா, 10 வாட் வாம் வொயிட் சென்சரோட சேர்ந்தே வர்றதை வாங்கலாமா, இல்ல சென்சர் தனியா வாங்கினா நல்லதா? மழைல நனையிற இடம்.