பந்தயத் தளத்தில் வென்ற காசு கைக்கு வரவில்லை: திருகோணமலையில் உங்கள் அனுபவம் என்ன?

உப்புவெளியான்:
தளத்தின் பெயரை எழுதவில்லை. விளம்பரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிரிக்கெட் பந்தயத்தில் என் கணக்கில் 86,400 ரூபா சேர்ந்திருந்தது. மீளப்பெறக் கேட்டதும் ‘நிலுவையில்’ என்று காட்டியது. அதன் கீழேயே, ‘ரத்துச் செய்து தொடர்ந்து விளையாடுக’ என்ற பச்சைப் பொத்தான் மினுங்கிக்கொண்டிருந்தது. அடையாள அட்டையின் இரு பக்கங்களையும் அனுப்பினால் மூலை தெரியவில்லை என்றார்கள். மூலை தெரிய அனுப்பினால், அட்டையை முகத்தருகே பிடித்த படம் வேண்டும் என்றார்கள். கடைசியில் வட்ஸ்அப்பில் பேசிய ஒருவர், 15 வீத வரியாக 12,960 ரூபாவை முன்கூட்டியே வைப்பிலிட்டால் முழுத் தொகையும் விடுவிக்கப்படும் என்றார். வென்ற பணத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். “கணினி அதற்கு இடம் கொடுக்காது ஐயா” என்று, ஏதோ நான் சிறுபிள்ளை போல, அவர் பொறுமையாக விளக்கிய அந்தக் குரல்தான் இன்னும் காதில் நிற்கிறது. நான் கட்டவில்லை. அதன் பிறகு தளத்தில் என் கணக்கும் திறக்கவில்லை.

மூதூர்க்காரன்:
எனக்குப் பணம் வந்தது, வந்ததுதான் வினையாயிற்று. நாம் வைப்பிலிடும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனியாட்களின் கணக்கிலக்கம் தருவார்கள் அல்லவா, அதேபோல எனக்கு வந்த 20,000 ரூபாவும் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கிலிருந்துதான் வந்திருக்கிறது. சில வாரங்களில் என் கணக்கு முடக்கப்பட்டது. வங்கியில், திரையைப் பார்த்து ஒரு பெண்ணின் பெயரை வாசித்த உத்தியோகத்தர், “இவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் ஊர்க்காரர் இருவர் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் தன்னிடம் யாரோ ஏமாற்றிப் பணம் பறித்ததாக முறைப்பாடு செய்திருக்கிறார் என்று பிறகுதான் சொன்னார்கள்.

கோணமலைவாசன்:
உப்புவெளி அண்ணா கோபிக்க வேண்டாம், ஆனால் எல்லாவற்றையும் மோசடி என்று சொல்லிவிட முடியாது. போனஸ் எடுத்தால் அதற்கு நிபந்தனை உண்டு. எனக்கு 10,000 ரூபா போனஸ் தந்தார்கள். அதை 30 மடங்கு பந்தயத்தில் சுழற்றினால்தான், அதாவது மூன்று இலட்சம் ரூபாவுக்குப் பந்தயம் கட்டினால்தான், எதையும் வெளியே எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. அதை எட்டுவதற்குள் மீதி பூச்சியமாகிவிட்டது. அது கொடுமையான நிபந்தனை, ஆனால் எழுதப்பட்ட நிபந்தனை.

உப்புவெளியான்:
தம்பி, நான் போனஸ் எடுக்கவே இல்லை. என்னிடம் கேட்டது வரி. எந்த நிபந்தனையில் அது எழுதியிருந்தது?

மத்தியவீதிக் கடைக்காரர்:
என் அனுபவம் சிறியது. என் கடையில் படப்பிரதி எடுக்க வந்த இளைஞர் ஒருவர், தன் அடையாள அட்டையை வெவ்வேறு கோணங்களில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்யச் சொன்னார். ஏன் என்று கேட்டபோது, கைத்தொலைபேசியில் அந்த ‘நிலுவையில்’ என்ற சொல்லைக் காட்டினார்.

வரியைப் பற்றி உப்புவெளியார் சொல்வதே சரி. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் பந்தய வெற்றிக்கு நிறுத்திவைத்தல் வரி உண்டு என்றாலும், அது பணம் கொடுப்பவர் கழித்துக்கொண்டு கொடுக்கும் வரியே தவிர, வென்றவர் யாரோ ஒரு தனியாளின் கணக்கில் முன்கூட்டிக் கட்டுவது அல்ல. பிரித்தானியாவில் 2019 முதல் அடையாளத்தை விளையாடுவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. இவர்களோ வைப்பிலிடும்போது வாய் திறக்காமல், எடுக்கும்போது மட்டும் மூலையைத் தேடுகிறார்கள். தளத்தின் அடியில் இருக்கும், குராசோ என்ற கரீபியன் தீவின் சூதாட்ட உரிம இலச்சினையை நம்ப வேண்டாம்; அதை அழுத்தினால் ஒழுங்குபடுத்துநரின் பதிவேட்டுக்குப் போகாவிட்டால் அது வெறும் படம். போனாலும், அந்தத் தீவில் 2024 டிசெம்பரில் புதிய சட்டம் வரும்வரை ஓர் உரிமத்தின் நிழலில் பல தளங்கள் நடத்த முடிந்தது. இங்கே சூதாட்ட ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கான சட்டம் 2025இல்தான் நிறைவேறியது. ஸ்கிரீன்ஷொட், வங்கிக்கூற்று, வட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு முதலில் உங்கள் வங்கிக்கும், பிறகு 101 என்ற இலக்கத்தில், இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கும் (Sri Lanka CERT) அறிவியுங்கள். ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று யாராவது வலிய வந்தால், அவர் கேட்பதும் முற்பணமாகத்தான் இருக்கும்.

கோணமலைவாசன்:
இவ்வளவையும் யார் கேட்டது? மூதூர் அண்ணா, கணக்கை விடுவித்தார்களா?

மூதூர்க்காரன்:
இல்லை. சம்பளமும் அந்தக் கணக்குக்குத்தான் வருவதால், வேறொரு வங்கிக்கு மாற்றித் தரும்படி வேலைத்தலத்தில் கடிதம் கொடுத்திருக்கிறேன். காரணம் என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தது. ‘தனிப்பட்ட காரணம்’ என்று எழுதினேன்.