தவக்கால உண்டியலும் வகுப்புப் பலகையும்

*எங்கள் குடும்பம் குழு*

*அண்ணி:* புதன்கிழமை சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்குகிறது. ஏழைகளுக்குக் காசு சேர்க்க பாப்பா பள்ளியில் ஆளுக்கொரு அட்டை உண்டியல் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். மொத்தமாக ஒரு தொகையைப் போட்டு ஒட்டி, கடைசி வாரம் கொடுத்துவிடலாமா? தினமும் ஞாபகம் வைத்துப் போடுவது நடக்குமா என்று தெரியவில்லை.

*நான்:* வேண்டாம் அண்ணி. அப்படிச் செய்தால் கொடுத்தது நீங்கள்தான், பாப்பா இல்லை. அவளாக எதையாவது வேண்டாம் என்று விட்டு, அதில் மிஞ்சுவதைப் போடட்டும். சில்லறையாக இருந்தாலும் போதும்.

*அண்ணன்:* ஒன்பது வயதுப் பிள்ளையை நோன்பு இருக்கச் சொல்கிறார்களா? அவள் சாப்பாட்டில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம்.

*நான்:* யாரும் சொல்லவில்லை அண்ணா. திருச்சபைச் சட்டப்படி நோன்புக் கடமை 18 வயது நிறைந்ததும் தொடங்கி, 59 நிறைந்ததும் முடிந்துவிடும். சுத்தபோசனம், அதாவது இறைச்சியைத் தவிர்ப்பது, 14 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் தவம் என்றால் என்னவென்று அவர்களும் உணரும்படி வளர்க்க வேண்டியது பெற்றோர், பங்குக் குருக்களின் பொறுப்பு என்று அதே சட்டம் சொல்கிறது.

*தம்பி:* அக்கா, தவக்காலம் 40 நாள்தானே? சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான புனித சனி வரை எண்ணினால் 46 வருகிறதே.

*நான்:* நடுவில் வரும் 6 ஞாயிறுகளைக் கழித்துவிடு. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று நோன்பு இல்லை.

*அத்தை:* எங்களுக்கெல்லாம் தவக்காலம் என்றால் முதலில் சிலுவைப்பாதைதான். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வரிசையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். இயேசு சிலுவை சுமந்த பாடுகளை நினைக்கும் 14 நிலைக்கும் முழங்கால் போட்டு எழுந்திருப்போம். இப்போது பள்ளிகளில் அது இருக்கிறதா, உண்டியல் மட்டும்தானா?

*நான்:* இருக்கிறது அத்தை. நான் பாடம் நடத்தும் பள்ளியில் ஒவ்வொரு நிலையையும் ஒரு வகுப்பு வாசிக்கும். போன வருடம் எங்கள் வகுப்புக்கு 5-ஆம் நிலை வந்தது, சிரேன் ஊர் சீமோன் சிலுவையைச் சுமக்க உதவுவது. ஒத்திகை பார்க்கும்போது ஒரு பையன் எழுந்து, "மிஸ், அவர் தானாக வரவில்லையே, பிடித்து இழுத்துத்தானே சுமக்க வைத்தார்கள்? அதை உதவி என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டான். மாற்கு நற்செய்தியிலும் அவரைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றுதான் இருக்கிறது. அதே வசனம் அவருடைய மகன்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்தக் குடும்பத்தை முதல் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் விளக்குவார்கள். கட்டாயத்தில் தொடங்கியது கட்டாயமாகவே நின்றுவிடவில்லை என்று அவனிடம் சொன்னேன். ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி. தர்மம் விஷயத்தில் பள்ளிகள் எல்லாம் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

*அண்ணி:* நீ சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது. பாப்பா வகுப்புப் பலகையில் வாரா வாரம் யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதப்போகிறார்களாம். அதிகம் சேர்க்கிற வகுப்புக்குப் பரிசு. மானம் போய்விடக் கூடாது என்றுதான் மொத்தமாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

*நான்:* அண்ணி, இதுதான் எனக்கு மனசு கேட்கவே மாட்டேன் என்கிறது. சாம்பல் புதன் திருப்பலியில் (பூசையில்) வாசிக்கிற நற்செய்தியே மத்தேயு 6-ஆம் அதிகாரம்தான். தர்மம், செபம், நோன்பு மூன்றையும் மனிதர் பார்க்க வேண்டும் என்று செய்யாதீர்கள், வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் இயேசு. காலையில் அதை வாசித்துவிட்டு மதியம் பெயரையும் தொகையையும் பலகையில் எழுதினால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? வீட்டில் ஒன்றும் இல்லாத பிள்ளை அந்தப் பலகையை எப்படி நிமிர்ந்து பார்க்கும்?

*மாமா:* ஆனால் போட்டி வைத்தால்தானே பணம் சேரும்? ஏழைகளுக்கு நாலு காசு கூடக் கிடைப்பது நல்லதுதானே.

*நான்:* கிடைக்கும் மாமா, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைத்தான் எல்லாரையும்விட அதிகம் என்றார் இயேசு. பள்ளிக்கூடம் அதைக் கற்றுக்கொடுக்காவிட்டால் வேறு யார் கற்றுக்கொடுப்பார்கள்?

எங்கள் வகுப்பில் உண்டியல்களில் பெயர் எழுதுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டித்தான் எண்ணுவோம். காசு போட முடியாத பிள்ளை ஒரு சீட்டில் தான் செய்ததை எழுதிப் போடலாம். நகம் அளவுக்கு மடித்துப் போடுவார்கள், சில சீட்டு ஓட்டையில் மாட்டிக்கொள்ளும், பென்சிலால் தள்ளிவிடுவார்கள். அதை நாங்கள் பிரித்துப் படிப்பதில்லை. கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்கு நாங்கள் உண்டியல் கொடுப்பதில்லை, ஆனால் தாங்களாகவே வந்து சீட்டுப் போடுகிறார்கள்.

*அத்தை:* இது நன்றாக இருக்கிறது. செபம்?

*நான்:* காலைச் செபத்தில் உதவி யாருக்குப் போகிறதோ அவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக வேண்டுவோம். யாருக்கென்று தெரியாமல் போடுகிற காசு பிள்ளைகள் மனதில் நிற்பதில்லை. முதியோர் இல்லத்துக்கு என்றால், அங்கே யாரும் வந்து பார்க்காதவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வேண்டச் சொல்வேன். சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளி வாசகம் எசாயா 58. பசித்தவரோடு உணவைப் பகிர்வதே நான் விரும்பும் நோன்பு என்று கடவுள் சொல்லும் பகுதி. பாப்பாவோடு உட்கார்ந்து அதை வாசியுங்கள் அண்ணி, அவளுக்குப் புரியும்.

*தம்பி:* சேர்ந்த பணத்தை எப்போது கொடுப்பீர்கள்?

*நான்:* ஈஸ்டருக்கு முந்தின வியாழனான பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் அப்பம், திராட்சை ரசத்தோடு ஏழைகளுக்கான காணிக்கையையும் பவனியாகக் கொண்டுவரலாம் என்று திருப்பலிப் புத்தகத்திலேயே இருக்கிறது. எங்கள் பங்கில் உண்டியல் பணத்தை அப்படித்தான் கொண்டுபோகிறோம்.

*அண்ணி:* சரி. பாப்பாவிடம் கேட்டேன். சாயங்காலம் வாங்கித் தின்பதை வாரத்தில் மூன்று நாள் விடுகிறாளாம். அந்தக் காசை அவள் கையில் கொடுத்துவிடுகிறேன், அவளே போடட்டும். பலகை விஷயத்தைப் பெற்றோர் குழுவில் போடட்டுமா?

*நான்:* குழுவில் வேண்டாம் அண்ணி, டீச்சருக்குச் சங்கடமாகிவிடும். நாளைக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் வகுப்பு மொத்தத்தை மட்டும் கடைசியில் ஒருமுறை சொன்னால் போதும், பரிசு வேண்டாம் என்று கேளுங்கள். வேண்டுமானால் நானும் வருகிறேன்.

*அண்ணன்:* நானும் வருகிறேன். காலையில் பாப்பாவை விடும்போதே பேசிவிடலாம்.