புல்வாருக்குள் சிதிலமான தாத்தா வீடு: விடுதியாக மாற்ற விண்ணப்பிக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

திண்ணைவீட்டுப் பேரன்:

வணக்கம். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, புல்வாருக்குள், அதாவது பழைய நகரைச் சுற்றிவரும் சாலைக்குள், எங்கள் தாத்தாவின் வீடு இருக்கிறது. தெருவோரத் தாழ்வாரம், திண்ணை, நடுவில் முற்றம், அதைச் சுற்றி மரத்தூண்கள் என்று பழைய அமைப்பு அப்படியே உள்ளது. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் குடியிருக்காததால் பின்கட்டின் மச்சு ஒரு மூலையில் இறங்கிவிட்டது, சுவரில் அரசங்கன்று வேர்விட்டிருக்கிறது. இதை ஐந்து அறைகள் கொண்ட விருந்தினர் விடுதியாக மாற்ற நானும் அக்காவும் விரும்புகிறோம். வரைபடம் போட வந்த பொறியாளரோ, பழைய கட்டடத்துக்கு அனுமதி வாங்குவது இழுபறியான வேலை, இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் எழுப்பினால் அலைச்சல் குறையும் என்கிறார். பழுதுபார்ப்பு என்று சொல்லி அனுமதியே இல்லாமல் தொடங்கிவிடலாம் என்பது மேஸ்திரியின் யோசனை. இவற்றில் எது சரி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சுண்ணாம்புக்காரர்:

மேஸ்திரியின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுவதும் வெள்ளையடிப்பதும் பழுதுபார்ப்பு. குடியிருந்த வீட்டைக் கட்டணம் வாங்கித் தங்கவைக்கும் இடமாக்குவது பயன்பாட்டு மாற்றம். அதற்கு நகர அமைப்புக் குழுமத்தின் திட்ட அனுமதி வேண்டும். அது கையில் இல்லாமல் பிறகு நகராட்சியின் தொழில் உரிமத்துக்கும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றுக்கும் போய் நின்றால், செய்து முடித்த வேலையை இடிக்கச் சொல்லும் நிலைகூட வரலாம்.

பொறியாளரின் கணக்கில் ஒன்று விடுபட்டிருக்கிறது. புதிதாகக் கட்டினால் வாகன நிறுத்துமிடம், திறந்தவெளி எல்லாவற்றையும் இன்றைய விதிப்படி காட்ட வேண்டும். குறுகலான அகலமும் நீண்ட ஆழமும் கொண்ட நம் பழைய மனைகளில் அதற்கு இடம் விட்டபின் என்ன மிஞ்சும் என்பதை அவரையே வரைந்து காட்டச் சொல்லுங்கள். தெருவோரத் தாழ்வாரமும் ஒருமுறை இடித்தால் திரும்பக் கட்ட முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். விடுதிக்கு வருபவர் காசு கொடுப்பதே அந்தத் தாழ்வாரத்துக்கும் முற்றத்துக்கும்தானே!

உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளதா என்பதையும் பாருங்கள். இருந்தால் முகப்பில் கைவைக்கப் பாரம்பரியக் குழுவின் பரிசீலனை தேவைப்படும். அதைத் தடையாக மட்டும் பார்க்க வேண்டாம். 1984 முதல் புதுச்சேரியில் இயங்கும், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பினர் இத்தகைய வீடுகளை அளந்து வரைந்து பழகியவர்கள். வைசியாள் வீதியில், அதாவது கால்வே சுப்பராய செட்டி வீதியில், வரிசையாக முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒரு மாலை அங்கே நடந்து பார்த்துவிட்டு வந்து உங்கள் வரைபடத்தைத் தொடங்குங்கள்.

ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர்:

தம்பி, அனுமதி வரும்வரை வீடு நிற்க வேண்டுமே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. 1870களிலிருந்து நின்ற மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி அலுவலகம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். 2021இல் திறக்கப்பட்டது அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டிய கட்டடம்தான். ஐப்பசிக்கு முன் இறங்கிய மூலைக்குச் சவுக்கு முட்டுக் கொடுங்கள். அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் செங்கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, வேர் காய மருந்திட்டு, அது செத்தபின் எடுங்கள்.

உங்கள் மச்சு பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸாக இருக்கும்: தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருப்பார்கள். கட்டை நடுவில் கெடாது, சுவருக்குள் போகும் முனையில்தான் ஈரம் ஏறி உளுக்கும். சிறு சுத்தியலால் முனையருகே தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் அந்தக் கட்டையை மட்டும் மாற்றினால் போதும். எங்கும் சிமெண்டுப் பூச்சு வேண்டாம். எங்கள் வீட்டிலேயே அதைச் செய்து, மூன்றாம் மழையில் சுவர் உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாக உரிந்ததைப் பார்த்துவிட்டேன். மறுபடி சுண்ணாம்புக்கே திரும்ப இரட்டைச் செலவானது.

பத்திரம் படிப்பவர்:

வரைபடத்துக்கும் முன்னால் மூலப்பத்திரத்தைத் தேடுங்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நோத்தேர், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அலுவலர், முன்னிலையில் எழுதிய பத்திரமானால் அது பிரெஞ்சு மொழியில் இருக்கும். சான்றளித்த மொழிபெயர்ப்பு எடுக்க வேண்டும். உங்கள் முன்னோர் 1881 ஆணையின்படி மதவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பமா என்றும் கேளுங்கள், ஏனெனில் அப்படியானால் வாரிசுரிமையே பிரெஞ்சு உரிமையியல் சட்டப்படி போகும். நீங்களும் அக்காவும் மட்டும்தான் வாரிசுகளா?

திண்ணைவீட்டுப் பேரன்:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவின் மகள்கள் இருவர் பிரான்சில் இருக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை பேசவே இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. ஐயா சொன்னபடி இன்று காலை தட்டிப் பார்த்தேன்: பின்கட்டில் பதினொரு கட்டைகளில் மூன்றுதான் பொத்தென்றன. சவுக்கு நாளை வருகிறது, இன்றிரவு தங்கைகளை அழைத்துப் பேசுகிறேன்.