கவுண்டி ஆபீஸில் பழைய ஆவணம் தேடி எடுத்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

சான்ஹோசேக்காரி:

அமெரிக்காவில் வீடு வாங்கிய பலரும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ரெக்கார்டர் ஆபீஸ், அதாவது பத்திரப் பதிவு அலுவலகம், பக்கமே போயிருக்க மாட்டார்கள். வீட்டின் உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். அங்கே இருக்கும் ஆவணங்களை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன்.

எங்கள் வீடு இருப்பது 1940களில் மனை பிரித்த பகுதி. பின்பக்கம் ஒரு அறை கட்ட நினைத்தோம். வேலி ஓரமாகப் போகும் மின்கம்பிப் பாதையில் யாருக்கு என்ன உரிமை என்று முதலில் தெரிந்தாக வேண்டும். டைட்டில் ரிப்போர்ட்டில் அந்தப் பழைய ஆவணங்களின் புத்தக எண்ணும் பக்க எண்ணும் மட்டும் இருந்தன. அவற்றைக் குறித்துக்கொண்டு போனேன்.

அந்த எண்கள்தான் காப்பாற்றின. "என் வீட்டுப் பேப்பர் எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் கவுண்டரில் இருப்பவரால் உதவ முடியாது. நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி சர்வே நம்பர் சொன்னால் முப்பது வருஷத்துப் பட்டியல் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொடுத்தவர் பெயரில் ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயரில் ஒரு அட்டவணை, அவ்வளவுதான். உங்கள் பெயரை வாங்கியவர் பட்டியலில் பார்த்து, உங்களுக்கு விற்றவர் யார் என்று பிடித்து, அவர் யாரிடம் வாங்கினார் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போக வேண்டும். புத்தக எண், பக்க எண் கையில் இருந்தால் இந்த வேலையே கிடையாது. பிரதிக்குப் பக்கக் கணக்கில் கட்டணம் வாங்குவார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மின்கம்பி ஆவணத்தோடு, அந்த மனைப் பிரிவுக்கே போட்டிருந்த கட்டுப்பாடுகளின் பிரதியையும் வாங்கினேன். கூரை, வேலி உயரம், கோழி வளர்க்கக் கூடாது என்றெல்லாம் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் ஒரு வரி. காக்கேசிய, அதாவது வெள்ளை, இனத்தவர் தவிர வேறு யாரும் இந்த மனைகளில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர் வெள்ளையர் ஆக மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் அந்த வரி நம்மையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. என் பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டின் பேப்பரில் அது இன்னும் இருக்கிறது.

சட்டப்படி அதற்கு இன்று உயிர் இல்லை. இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றம் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. 1968இன் வீட்டு வசதிச் சட்டம் இந்தப் பாகுபாட்டையே தடை செய்தது. கலிபோர்னியாவில் வீட்டு உரிமையாளர் அந்த வரியை அடித்துக் காட்டி ஒரு திருத்தப் படிவம் கொடுக்கலாம். கவுண்டியின் வக்கீல்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் ரெக்கார்டர் அதைப் பதிவு செய்வார். கட்டணம் கிடையாது. நான் கொடுத்தேன். பழைய வீடு வைத்திருப்பவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

டெக்சாஸ் மாமா:

அந்த வரியைப் படிக்கும்போது எனக்கே என்னவோ போல் இருந்தது அம்மா. இந்த மாதிரி ஆவணத்தைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

என்னுடையது சொத்துவரி விஷயம். டெக்சாஸில் வீட்டு மதிப்பை நிர்ணயிப்பது கவுண்டி ஆபீஸ் இல்லை. அப்ரைசல் டிஸ்டிரிக்ட் என்று தனி அமைப்பு. வரி வசூல் ஒரு இடம், மதிப்பீடு வேறு இடம். இது தெரியாமல் தப்பான கவுண்டரில் வரிசையில் நிற்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, வீடு என்ன விலைக்குப் போனது என்று அரசிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இந்த மாநிலத்தில் இல்லை. அதனால் பக்கத்து வீட்டின் விலையைப் பொதுப் பதிவில் தேடினால் கிடைக்காது.

ஆனால் நமக்கு ஒரு நல்ல ஆயுதம் கொடுத்திருக்கிறார்கள். மதிப்பை எதிர்த்து மனு போட்டவர், விசாரணையில் அவர்கள் காட்டப்போகும் ஆதாரம் அத்தனையும் கேட்கலாம். கேட்டும் விசாரணைக்கு 14 நாளுக்கு முன்னால் கொடுக்காத எதையும் அவர்கள் அங்கே பயன்படுத்த முடியாது. நான் எழுத்தில் கேட்டேன். வந்த காகிதக் கட்டுக்குள் என் வீட்டுப் பதிவுத் தாளும் இருந்தது. மாடியில் வெறும் பரண் மாதிரி கிடக்கும் இடத்தைக் குடியிருக்கும் பரப்பில் சேர்த்திருந்தார்கள். வீட்டுப் பிளானையும் போட்டோவையும் வைத்தேன், பரப்பைக் குறைத்தார்கள். ஒப்பிட்ட வீடுகளில் ஒன்றுக்கு நீச்சல் குளம் இருந்தது, எனக்கு இல்லை. அதையும் சொன்னேன். மனு போடக் கடைசி நாள் பொதுவாக மே 15, அல்லது நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. "ஆதாரப் பிரதி வேண்டும்" என்பதை மனுவோடு சேர்த்தே எழுதிவிடுங்கள்.

புதுக்குடித்தனம்:

அக்கா, மாமா, ஒரு சந்தேகம். இதற்கெல்லாம் எஃப்ஓஐஏ (தகவல் பெறும் சட்டம்) மனு போட வேண்டுமா? நெட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சான்ஹோசேக்காரி:

வேண்டாம் தம்பி. 1966இல் வந்த அந்தச் சட்டம் மத்திய அரசின் நிர்வாகத் துறைகளுக்கு மட்டும். கவுண்டி, நகராட்சி எல்லாம் மாநிலச் சட்டத்தின் கீழ் வரும். இல்லினாய், வர்ஜீனியா போன்ற சில மாநிலங்கள் தங்கள் சட்டத்துக்கும் அதே பெயரை வைத்திருப்பதால் குழப்பம். கலிபோர்னியாவில் 10 நாளில் தர முடியுமா முடியாதா என்று சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியில் 7 வேலை நாள், இல்லினாயில் 5. இல்லினாயில் சாதாரணக் கறுப்பு வெள்ளைப் பிரதி முதல் 50 பக்கம் இலவசம். வர்ஜீனியா தன் மாநிலத்தவருக்கு மட்டும்தான் இந்த உரிமையைத் தருகிறது, அது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2013இல் சொல்லிவிட்டது.

அப்புறம், பத்திரம், திருமணச் சான்று மாதிரியானவற்றுக்கு இந்த மனுவே தேவையில்லை. அவற்றுக்கென்று படிவமும் கட்டணமும் இருக்கும், கொடுத்தால் பிரதி வந்துவிடும். மனு தேவைப்படுவது கடிதப் போக்குவரத்து, ஆய்வு அறிக்கை, கான்டிராக்ட் போன்றவற்றுக்கு. அதில் கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "எங்கள் தெருவில் ஏன் வடிகால் போடவில்லை" என்றால் பதில் சொல்லக் கடமை இல்லை. "இந்தத் தெருவின் வடிகால் பற்றி 2021 ஜனவரி முதல் 2023 டிசம்பர் வரை தயாரான ஆய்வு அறிக்கைகள்" என்றால் தேடித்தான் ஆக வேண்டும். கட்டணம் இவ்வளவுக்கு மேல் போனால் முதலில் சொல்லுங்கள் என்றும் ஒரு வரி போடுங்கள். மறுத்தால் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். இது யாரிடமும் கெஞ்சி வாங்கும் விஷயம் இல்லை.

மிட்வெஸ்ட் தம்பி:

கோர்ட் ஆவணம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். பல மாநிலங்களில் தகவல் சட்டம் நீதிமன்றத்துக்குப் பொருந்தாது. அங்கே கோப்புகளை வைத்திருக்கும் கிளார்க் ஆஃப் கோர்ட்டிடம் நேராகக் கேட்க வேண்டும்.

என் மச்சான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, படிக்கிற காலத்தில் இருந்த ஒரு டிராபிக் கேஸ் எப்படி முடிந்தது என்று முத்திரையிட்ட சான்று வேண்டும் என்றார் வக்கீல். ஆன்லைனில் தேடினால் எதுவுமே இல்லை. கவுண்டரிலும் அந்தப் பெயரில் கேஸ் இல்லை என்றுவிட்டார்கள். பிரச்சினை நம் பெயர் வைக்கும் முறையில். மச்சான் முதலில் வந்தபோது பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி. விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்), அவருடைய சொந்தப் பெயர் குடும்பப் பெயர் இடத்தில். பிற்பாடு இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக மாற்றிக்கொண்டார். கேஸ் பழைய பெயரில், நாங்கள் தேடியது புதுப் பெயரில்.

ஒரு வயதான அம்மா கவுண்டரில் இருந்தார். பிறந்த தேதியை வைத்துத் தேட முடியுமா என்று கேட்டேன். அவருக்கு அது புதிது இல்லை போல, உடனே தேடினார். எஃப்என்யூ என்றே கிடைத்தது. கோப்பு வேறு கிடங்கில், வரவழைத்துத் தருகிறேன் என்றார், தந்தார். அவர் இல்லாவிட்டால் இன்னும் அலைந்திருப்போம், இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன்.

நம்மவர்களுக்குச் சொல்வது இதுதான். பெயரைத் திருப்பிப் போட்டு, அப்பா பெயரோடு, அப்பா பெயர் இல்லாமல், எஃப்என்யூ என்று, எல்லா விதத்திலும் தேடச் சொல்லுங்கள். பிறந்த தேதியும் உத்தேசமான வருஷமும் கொடுங்கள். காலம் கடந்து கோப்பை அழித்திருந்தால், அதையே முத்திரையோடு எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

எடிசன் அம்மா:

எந்த ஆபீஸ் என்பதுதான் பாதி வேலை. நியூ ஜெர்சியில் பத்திரம் கவுண்டி கிளார்க்கிடம், எசெக்ஸ், ஹட்சன் கவுண்டிகளில் மட்டும் அதற்கென்று ரெஜிஸ்டர் என்று தனி அதிகாரி. பிறப்புச் சான்றோ குழந்தை பிறந்த ஊரின் ரெஜிஸ்டிராரிடம். கனெக்டிகட்டில் 1960லேயே கவுண்டி அரசை எடுத்துவிட்டார்கள், எல்லாம் டவுன் கிளார்க்தான்.

என் பெரியவன் பிறந்தது மன்ஹாட்டனில். ஊரில் பள்ளியில் சேர்க்க அவன் பிறப்புச் சான்றுக்கு அபோஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அரசு முத்திரை, கேட்டார்கள். முதலில் நகர சுகாதாரத் துறையிடம் சான்றையும், அதோடு கூடுதலாக ஓர் உறுதிக் கடிதத்தையும் கேட்டு வாங்க வேண்டும். வெறும் சான்று போதாது. பிறகு 60 சென்டர் ஸ்ட்ரீட்டில் நியூயார்க் கவுண்டி கிளார்க் அந்தக் கையெழுத்தை உறுதி செய்வார். அதற்கப்புறம்தான் மாநில அரசின் அபோஸ்டில். வரிசை மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நியூயார்க் நகரத்துக்குள்ளேயே ஐந்து கவுண்டி என்பதும் பலருக்குத் தெரியாது. புரூக்ளின்தான் கிங்ஸ் கவுண்டி. வீட்டுப் பத்திரத்துக்கு நகரத்தின் ஏக்ரிஸ் தளத்தில் 1966 முதல் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம், ஸ்டேட்டன் ஐலண்டுக்கு மட்டும் ரிச்மண்ட் கவுண்டி கிளார்க்.

புதுக்குடித்தனம்:

ரொம்ப நன்றி. கடைசியாக ஒன்று. வீடு வாங்கிய கையோடு அரசு முத்திரை மாதிரி ஒரு கடிதம் வந்தது. பத்திரத்தின் சான்றிட்ட பிரதிக்கு கிட்டத்தட்ட நூறு டாலர் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பவா?

டெக்சாஸ் மாமா:

அனுப்பாதே தம்பி. அடியில் பொடி எழுத்தில் "நாங்கள் அரசு அமைப்பு அல்ல" என்று இருக்கிறதா பார். அதே பிரதியைக் கவுண்டியே சில டாலருக்குத் தரும். பதிவான அசல் பத்திரம் பொதுவாக உனக்குத் தபாலில் வந்துவிடும். அதற்குப் பதிலாக, உன் பெயரில் ஏதாவது ஆவணம் பதிவானால் ஈமெயில் அனுப்பும் வசதி உன் கவுண்டியில் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ந்துகொள். பல கவுண்டிகளில் இலவசம். அதிலும் பத்திரத்தில் இருப்பது போல ஒரு தடவை, இனிஷியலோடு ஒரு தடவை, முன்னும் பின்னும் மாற்றி ஒரு தடவை என்று பெயரைப் பதிந்து வை.