விடியல் ஓவியத்தில் சூரியன் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் நிற்கிறது, ஏன்?

உப்புக்காற்று:
புதுச்சேரி கடற்கரைச் சாலையிலிருந்து தெரியும் விடியல், 12×16 அங்குல போர்டு, அக்ரிலிக். முன்மாதிரி, பிரெஞ்சு ஓவியர் மோனே பிரான்ஸின் லெ ஆவ்ர் துறைமுகத்தை வரைந்த 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' (1872). அதில் சூரியன் துடிக்கிறது. என்னுடையது ஒட்டவைத்த வட்டமாகவே இருக்கிறது. கேட்மியம் ஆரஞ்சில் மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தால் இன்னும் மோசம். என்ன தவறு?

சாம்பல்நீலம்:
வெள்ளை சேர்த்ததுதான். மோனேயின் படத்தைக் கருப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் ஏறக்குறைய மறைந்துவிடும். வானமும் சூரியனும் கிட்டத்தட்ட ஒரே டோன் (வெளிச்ச-இருள் அளவு); வேறுபடுவது நிறம் மட்டுமே. வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் பார்வைக்கு அந்த வட்டம் பிடிபடுவதில்லை, நிறம் பார்க்கும் பார்வைக்குப் பளிச்சென்று தெரிகிறது. துடிப்பு அங்கேதான் பிறக்கிறது.

எனவே சூரியனிலிருந்து தொடங்குங்கள். ட்யூபிலிருந்து எடுத்த ஆரஞ்சை அப்படியே பேலட்டில் வையுங்கள். பக்கத்தில் வெள்ளையை எடுத்து, கோபால்ட் நீலத்தைச் சிறுகச் சிறுக விட்டு, ஒரு பொட்டு ஆரஞ்சால் நீலத்தின் முறைப்பை அடக்குங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கையில் இரண்டுக்கும் நடுவே கோடு கரைந்தால் வானம் தயார். ஆரஞ்சை வானத்துக்கு ஏற்ப வெளுக்காதீர்கள், வானத்தை ஆரஞ்சுக்கு ஏற்ப மாற்றுங்கள்.

முத்தியால்பேட்டை தூரிகை:
ஒரு சேர்க்கை. அக்ரிலிக் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் கருக்கும். அதன் பசை ஈரத்தில் பால்போல் இருப்பதே காரணம். ஈரத்தில் பொருத்திய டோன் காய்ந்ததும் விலகிவிடும். துண்டு அட்டையில் இரண்டையும் தடவிக் காயவிட்டு, போனில் கருப்பு-வெள்ளைப் படமெடுத்து, இரண்டும் ஒன்றாகத் தெரிந்த பிறகே போர்டில் வையுங்கள். டைட்டானியம் வெள்ளையிலும் கவனம். மோனே காலத்து ஈய வெள்ளையைவிட அது நிறத்தைப் பலமாக விழுங்கும், கொஞ்சம் கூடினாலே வானம் சுண்ணாம்படித்த சுவராகிவிடும்.

தென்பெண்ணைக்கரை:
இரண்டும் சரி, ஆனால் நாளும் பொருந்த வேண்டும். மோனேயின் டோன், மூட்டத்துக்குள் மங்கிய சூரியனுக்கானது. மார்கழிப் பனியில் கிடைக்கும், சித்திரையில் தேடாதீர்கள். நேரமும் குறைவு: பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் 10 பாகை ஏற லெ ஆவ்ரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இங்கே 40 நிமிடத்தில் ஏறிவிடும், ஏனெனில் நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய செங்குத்தாக எழுகிறது. உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் அரை மணிக்கு மேல் ஒரே படிப்போவியத்தில் (நேரில் பார்த்து வரையும் பயிற்சி ஓவியம்) உட்காராதே என்று பிரெஞ்சு இயற்கைக்காட்சி ஓவியர் வாலன்சியென் 1800இலேயே எழுதிவிட்டார். வானத்துக்கான சாம்பல் கலவையை முந்தின இரவே கலந்து டப்பாவில் மூடி எடுத்துப்போங்கள்.

வெயில் கடுத்த நாளில் இன்னொரு பிரெஞ்சு ஓவியரான கோரோவிடம் போகலாம். 'மோர்ட்ஃபோன்டெய்ன் நினைவு' (1864) படத்தில் சூரியனே கிடையாது. ஒளி முழுக்க வெள்ளிநிற நீரிலும் இலைகளின் கலைந்த ஓரத்திலும் இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றுக்கு அந்த வழி நன்றாகப் பொருந்தும். தென்னையைக் கரும்பச்சையில் போடாமல், நீருக்குக் கலந்த சாம்பலிலேயே பச்சை சேர்த்துப் போடுங்கள்.